வேலியடியில் ஒன்று

சந்தேகப்படுவதில் எனக்கு ஈடாகப் புங்குடுதீவு இறுப்பிட்டியில் ஒருவரும் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, மறைத்தும் பயனில்லை. பால் கொண்டுவருகிற நல்லம்மா படலையைத் திறக்கும்போதே செம்பை எட்டிப் பார்ப்பேன். தபால்காரர் கடிதம் தந்தால் உறையின் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று முதலில் தடவுவேன். என் கணவர் அம்பலவாணர் அரை மணித்தியாலம் பிந்தி வந்தால், போன இடத்தைப் பற்றி இரண்டு தரம் இரண்டு விதமாகக் கேட்டு, இரண்டு பதிலையும் ஒட்டிப் பார்ப்பேன். இப்படிப்பட்டவளின் பக்கத்து வளவில் அரியநாயகத்தாரைக் கொண்டுவந்து குடிவைத்தது ஆண்டவனின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம் அவர் வந்தார். பதினாலு வயதில் புங்குடுதீவை விட்டுத் தெற்கே மழை ஓயாத ஒரு சிறு பட்டணத்துக்கு, மாமனின் கடையில் சாமான் கட்டிக்கொடுக்கப் போனவர். பிறகு அந்தக் கடையே அவருடையதாகி, நாற்பது வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேரின் கதை இதுதான். அந்த ஆடி மாதக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, மனைவி மனோகரியோடு பூட்டிக் கிடந்த தகப்பன் வீட்டைத் திறந்தார். அவர் கையில் ஒரு குடையும் ஒரு தடித்த கொப்பியும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

எனக்கு அன்றைக்கே மனதில் முள் தைத்துவிட்டது. கடை எரிகிறது, ஆட்கள் கத்தியோடு வருகிறார்கள், அந்த நேரத்தில் ஒரு மனிதன் நகையை விட்டு, உடுப்பை விட்டு, ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறான் என்றால், அதற்குள் என்ன இருக்க வேண்டும்? இதை என் கணவரிடம் கேட்டேன். "உமக்கு வேறை வேலை இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

எங்கள் இரண்டு வளவுக்கும் பின்னால், ஒழுங்கை முடிகிற இடத்தில் நாச்சிமார் காடு இருக்கிறது. காடு என்பது தீவுக்காரரின் தாராளம். வன்னியில் பிறந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். நாச்சிமார் தெய்வங்களுக்கென்று வெட்டாமல் விட்ட நாற்பது பரப்பு நிலம், அவ்வளவுதான். இரண்டு ஆலமரம், கொஞ்சம் நாவல், வேம்பு, இலுப்பை. அடியில் காரைப்பற்றையும் ஈச்சம்பற்றையும். சருகு கணுக்கால் வரை கிடக்கும். அங்கே கத்தி வைத்தால் வீட்டில் அம்மை வரும் என்ற பயத்தில் விறகுக்குக்கூட ஒருவரும் போவதில்லை. வருஷத்துக்கு ஒரு பொங்கல், அதோடு சரி.

அந்த ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிய கையோடு அரியநாயகத்தார் காட்டுக்குப் போகத் தொடங்கினார். விடிய ஆறு மணிக்குக் கால் மணி இருக்கப் போவார், ஏழுக்கு வருவார். பின்னேரம் ஐந்தரைக்குப் போவார், பொழுதுபட்டு மம்மலில் வருவார். கக்கத்தில் குடை, மடித்த சாக்கு, அந்தக் கொப்பி. ஒருநாளாவது தவற வேண்டுமே! கோயிலுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகப் போகிற ஆளை நான் கண்டதில்லை.

எங்கள் வேலியில், கிணற்றடிக்குப் பக்கத்தில், கிடுகு உக்கி ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அதை அடைக்க வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். தண்ணீர் அள்ளுகிற சாட்டில் அந்த ஓட்டையடியில் நிற்பேன். அவர் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் குசினியில் தொங்குகிற கலண்டரில், திகதிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் குறித்தேன். முதலில் ஏதோ பெண் விவகாரம் என்று நினைத்தேன். ஒருநாள் ஆட்டைத் தேடுகிற மாதிரிக் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். ஆல விழுதுக்கு இந்தப் பக்கம் சாக்கை விரித்து, அசையாமல் அவர் இருந்தார். கண் சருகில். முகத்தில் நுளம்பு இருந்தும் கையை எடுக்கவில்லை. பிறகு மெல்லக் கொப்பியைத் திறந்து இரண்டு வரி எழுதினார். பெண் விவகாரம் இல்லை என்றதும் எனக்கு நிம்மதி வரவில்லை. பெண் விவகாரம் என்றால் ஒரு வழியில் விளங்கியிருக்கும்.

மனோகரியிடம் கிணற்றடியில் நயமாகக் கேட்டேன்.

"அண்ணை விடியக்காலமை எங்கை போறவர்?"

"குருவி பாக்க."

"குருவி பாக்கவோ?"

"ஓம் அக்கா. அங்கை கடைக்குப் பின்னாலையும் ஒரு சின்னக் காடு இருந்தது. ஒரு சிங்கள வாத்தியார் இவருக்குக் குருவியளைக் காட்டிப் பழக்கி விட்டவர். அண்டையிலை இருந்து இந்த விசர்தான்."

ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, கடையும் ஊரும் போன மனிதன், நாளுக்கு இரண்டு தரம் குருவி பார்க்கப் போகிறாராம். ஒரு பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்லக் கூடாதா என்று எனக்கு மனோகரி மேல் கோபம்தான் வந்தது.

குருவி எங்களுக்குத் தெரியாததா? வாடை தொடங்கினால் நாச்சிமார் காட்டுக்குள் இருந்து ஒரு குருவி விடிய ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் உதட்டைக் குவித்துச் சீக்காய் அடிக்கிற மாதிரி இரண்டு சுருதியில் கூப்பிடும். ஆறுமணிக்குருவி என்போம். கேட்காதவர் இல்லை, ஆனால் கண்டவர் மிகக் குறைவு. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதும் இல்லை. உலையை வைக்க நேரமாகிவிட்டது என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும்.

சித்திரையில் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசத் தொடங்கியதும் அவர் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். என் கலண்டரில் ஐந்து மாதம் வெறுமையாகக் கிடந்தது. மறுபடி ஐப்பசியில் தொடங்கினார். அடுத்த சித்திரையில் மறுபடி நிறுத்தினார். வாடைக்கு மட்டும் வேலை, சோளகத்துக்கு ஓய்வு! கடலும் காற்றும் பார்த்துச் செய்கிற வேலை என்றால் அது கடலோடு சம்பந்தப்பட்ட வேலையாகத்தானே இருக்க வேண்டும்? நயினாதீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடையில் நேவிப் படகுகள் ஓடித் திரிந்த காலம் அது. எண்பத்தைந்து கார்த்திகையில் ஒரு படகு கரையைப் பார்த்துச் சுட்டு, வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற இரண்டு பேர் செத்தார்கள். அன்று பின்னேரமும் அரியநாயகத்தார் சாக்கும் கொப்பியுமாகப் போனார். நான் ஓட்டையடியில் நின்று பற்களைக் கடித்தேன்.

அதுவரை என் சந்தேகம் என் குசினிக்குள் இருந்த ஒரு பொழுதுபோக்கு. அந்த வருஷத்தோடு சந்தேகத்துக்கு உயிரை எடுக்கிற பலம் வந்துவிட்டது. அடுத்த ஊரில் இயக்கப் பெடியள் ஒருவரைச் சுட்டு மின்கம்பத்தில் கட்டி, கழுத்தில் மட்டை தொங்கவிட்டிருந்தார்கள். என்ன குற்றம் என்று மட்டையில் எழுதியிருந்தது. உண்மையா என்று கேட்க ஆள் இருக்கவில்லை. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது.

எண்பத்தாறு மாசி, அதாவது பெப்ரவரி, பதினெட்டாம் திகதி பின்னேரம். இயக்கப் பெடியள் இருவர் சைக்கிளில் வந்து படலையடியில் நின்று தண்ணீர் கேட்டார்கள். செம்பைக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு ஒருவன் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"அக்கா, இந்தப் பக்கத்திலை புதுசா, வித்தியாசமா ஆரும் திரியினமோ?"

நான் ஒரு பெயரும் சொல்லவில்லை. காட்டுப்பக்கம் கையை மட்டும் நீட்டினேன். "விடியவும் பின்னேரமும் பாருங்கோ" என்றேன். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு கலண்டரில் அன்றைய நேரத்தைக் குறிக்கப் பென்சிலை எடுத்தேன், குறிக்காமலே வைத்துவிட்டேன். அன்று அவர் காட்டிலிருந்து வந்த நேரத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு கிழமை கழித்து அவரைக் கொண்டுபோனார்கள். காட்டுக்குள்ளேயே வைத்துப் பிடித்து, சாக்கு, குடை, கொப்பி எல்லாவற்றோடும் வாசிகசாலைக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். கொப்பியைத் திறந்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒவ்வொரு வரியிலும் திகதி, நேரம், ஒரு எண், கிழக்கு மேற்கு என்று சிறு அம்புக்குறி. எழுத்தோ முழுக்கச் சிங்களம்.

அரியநாயகத்தார் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். "அது குருவியள் தம்பி. எனக்குக் குருவியளை அந்தப் பாசையிலைதான் தெரியும். பேர் அப்பிடித்தான் பழகிப்போச்சு."

இயக்கத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆள் அந்தத் தீவில் இருக்கவில்லை. பொறுப்பாளர் இருபத்து நாலு, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க கண்ணாடிக்காரர், அவசரப்படுகிறவர் இல்லை. தெற்கில் கடை வைத்திருந்த ஆண்களையெல்லாம் அடுத்த நாள் காலை வாசிகசாலைக்குக் கூப்பிட்டார். பதினேழு பேர் போனார்கள். கொப்பியை மேசையில் வைத்து, "இதை வாசிச்சுச் சொல்லக்கூடியவை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

தம்பிராசா சொன்னார்: "கதைப்பன் தம்பி. எழுத்து வராது."

மார்க்கண்டு சொன்னார்: "எனக்குக் கதையும் மறந்து போச்சு."

என் கணவர் சொன்னார்: "கடையிலை ஒரு பெடியன் நிண்டவன், எழுத்து வேலை எல்லாம் அவன்தான்."

இந்த மார்க்கண்டு தன் கடைப் பலகையைத் தானே சிங்களத்தில் எழுதித் தொங்கவிட்டவர். தம்பிராசாவின் சிங்களக் கையெழுத்து மணியாக இருக்கும் என்று அவர் மனைவியே எனக்குச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். என் கணவர் தெற்கில் கடை வைத்திருந்த இருபது வருஷமும் சிங்களப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவர். அன்றைக்குப் பதினேழு பேரும் வாசிகசாலைக்குள் நின்று வாசிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

"நாளைக்குப் பின்னேரம் முடிவு எடுப்பினமாம்" என்று சொல்லிவிட்டு என் கணவர் கதிரையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மனோகரி வந்தாள். சீலைத் தலைப்பு தரையில் இழுபட, படலையைச் சாத்தாமலே வந்தாள். "அம்பலவாணர் அண்ணை, உங்களுக்கு வாசிக்கத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியும். ஒருக்கால் வந்து வாசிச்சுச் சொன்னாக் காணும். உங்கடை காலிலை விழுறன்."

என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ஏலாது மனோகரி. வாசிச்சன் எண்டால், எங்கை படிச்சனி, ஆரோடை பழக்கம் எண்டு அடுத்ததா என்னை இருத்துவாங்கள்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. பயமும் நியாயமானதுதான். ஆனால் மனோகரி அந்தப் பதிலைக் கேட்டு அழவில்லை. "சரி அண்ணை" என்று தலையை ஆட்டினாள். அவள் அழுதிருந்தால் நான் குசினிக்குள் போய் ஒளித்திருப்பேன். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் வாசிக்கிறன்" என்றேன்.

"உமக்கு என்ன தெரியும்?" என்று என் கணவர் திரும்பினார்.

"தெரியும்."

தெற்கே காலி நகரத்துப் பக்கம் என் அப்பாவுக்கும் ஒரு கடை இருந்தது. பன்னிரண்டு வயது வரை நான் அங்கேதான் வளர்ந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடப் புத்தகத்தை வைத்து அவளோடு சேர்ந்து எழுத்தும் வாசிப்பும் படித்தேன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு அங்கேயிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாள் தொடக்கம் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனிதனுக்கும் சொல்லவில்லை. பதினெட்டாவது ஆள் நான்தான்.

வாசிகசாலையில் பேப்பர் வாசிக்கிற நீளக் கதிரையில் அரியநாயகத்தார் இருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. வெளியே சனம் கூடிவிட்டது. என் கணவரும் பின்னால் வந்து கதவடியில் நின்றார். பொறுப்பாளர் கொப்பியில் அந்த வாடைக்காலப் பக்கத்தை விரித்து என்னிடம் தந்தார்.

நான் தொடங்கினேன். முதலில் எழுத்துகள் முகம் மறந்தவர்கள் மாதிரி நின்றன, பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. "ஒக்ரோபர் ஒன்பது, காலமை ஆறு மணி ரெண்டு நிமிசம். அவிச்சியா ஒண்டு. அது ஆறுமணிக்குருவி. சருகுக்கை. ஒக்ரோபர் பதினொண்டு. அவிச்சியா ரெண்டு. ஒக்ரோபர் பதினேழு. வெள்ளைத் துணிக் கள்ளன் ஒண்டு. கிழக்காலை வந்து ஆலுக்குள்ளை போனவன்."

சனம் சலசலத்தது. "ஆர் அந்தக் கள்ளன்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"குருவி" என்றேன்.

"ஒக்ரோபர் இருவது. நெருப்புக் கள்ளன் ஒண்டு. மேற்காலை."

"அதுவும் குருவியோ?"

"ஓம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அரியநாயகத்தாரிடம் ஏதோ கேட்டார். பிறகு அவரைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நெருப்புக் கள்ளன் எண்டது என்ன நிறம்? ஏன் கள்ளன் எண்டுறது?" இரண்டு பேரிடமும் இரண்டு விதமாகக் கேட்டு ஒட்டிப் பார்க்கிறார்! என்னுடைய வித்தைதான். அதன் எதிர்ப்பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "செம்மண் நிறம், தம்பி. முழ நீள வால். களவெடுத்த துணியோடை ஓடுற மாதிரிக் கிடக்கும், அதாலை அங்கத்தையச் சனம் அப்பிடிச் சொல்லும். அதிலை வெள்ளையும் இருக்கு." பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்ன கதை, இருபத்தெட்டு வருஷம் கழித்து எங்கிருந்தோ வாய்க்கு வந்தது. பொறுப்பாளர் தலையை ஆட்டி, அரியநாயகத்தாரைத் திரும்பக் கொண்டுவந்து இருத்தச் சொன்னார். அவரும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆளுகள் பற்றி ஒண்டும் இல்லையோ? பாத்து வாசியுங்கோ."

இருந்தது. நான் அதை முன்பே கண்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும், குருவிகளுக்குக் கீழே கடைசி வரியாக இருந்தது. அதை விட்டுவிட்டு வாசித்துக்கொண்டு வந்தேன். இனி விட வழி இல்லை.

"வேலியடியிலை அம்பலவாணற்றை மனிசி. ஒண்டு."

"திருப்பி வாசியுங்கோ" என்றார் பொறுப்பாளர்.

"ஆறுமணிக்குருவி ரெண்டு. வேலியடியிலை அம்பலவாணற்றை மனிசி. ஒண்டு. அடுத்த நாள். ஆறுமணிக்குருவி ஒண்டு. வேலியடியிலை அம்பலவாணற்றை மனிசி. ஒண்டு. மழை. குருவி இல்லை. வேலியடியிலை அம்பலவாணற்றை மனிசி. ஒண்டு. குடையோடை."

வெளியே யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பாளரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனார். என் காது இரண்டும் எரிந்தன. கதவடியில் என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாடைக்காலம் அந்த மனிதனை நான் ஒளித்து நின்று பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னையும் காட்டில் வருகிற ஒன்றாகத் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்பிலேயே அவருக்கு உயிர் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. ஆகவே வெட்கத்தைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து வாசித்தேன்.

கடைசிப் பக்கத்தின் தொடக்கத்துக்கு வந்தேன். பெப்ரவரி பதினெட்டு.

"ஆறுமணிக்குருவி ரெண்டு" என்று வாசித்துவிட்டு நின்றேன். அடுத்த வரி இப்படி இருந்தது: வேலியடியில் இல்லை. படலையடியில், இரண்டு பெடியளோடு. காட்டுப்பக்கம் கை காட்டுகிறார்.

காட்டிலிருந்து வருகிற வழியில் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் ஒரு கிழமை, நாளுக்கு இரண்டு தரம், அதே நேரத்துக்கு அதே காட்டுக்குப் போயிருக்கிறார்.

"ஏன் அக்கா நிப்பாட்டினியள்?"

"எழுத்து... விளங்கேல்லை" என்றேன்.

பொறுப்பாளர் கொப்பியை வாங்கி அந்த இடத்தில் விரலை வைத்து, அரியநாயகத்தாரிடம் நீட்டினார். "இதிலை என்ன எழுதியிருக்கிறியள் ஐயா?"

அவர் வீங்கிய கண்ணை ஒடுக்கி அந்த வரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் சருகைப் பார்க்கிற மாதிரிப் பொறுமையாகப் பார்த்தார்.

"அண்டைக்குப் பனி, தம்பி. ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதிக் கிடக்கு."

பொறுப்பாளர் கடைசியாக ஒரு சோதனை வைத்தார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு காட்டோரம் போய், மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். ஐம்பது பேர் மூச்சு விடாமல் நின்றோம். ஆறு மணி மூன்று நிமிஷத்துக்கு உள்ளேயிருந்து அந்தச் சீக்காய் இரண்டு சுருதியில் வந்தது. பொறுப்பாளர் சாக்கையும் குடையையும் திருப்பிக் கொடுத்தார். கொப்பியைக் கொடுக்கவில்லை. "இது எங்களிட்டை இருக்கட்டும். இனி எழுதிறதெண்டால் தமிழிலை எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அந்தக் கொப்பியை வேறு யாராவது வாசித்து அந்த வரியைக் கண்டுபிடிப்பார்களோ என்று ஒரு மாதம் நான் நித்திரை கொள்ளவில்லை. என் கணவர் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் சோறு போடும்போது, "உமக்குத் தெரிஞ்சதை எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கள் அவங்களுக்குச் சொல்லேல்லை" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அரியநாயகத்தார் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பங்குனி முடிகிற நேரம், இனியும் பொறுக்க முடியாமல், மனோகரி சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் படலையைத் திறந்து போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"அண்ணை, அந்த வரியை நான் வாசிக்கேல்லை."

"தெரியும்."

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உம்மடை மனிசன் கதவடியிலை நிண்டவர், தங்கச்சி. சனமும் நிண்டது. வாசிக்கத் தெரிஞ்ச பதினேழு ஆம்பிளையள் முன்வரேல்லை, நீர் வந்தனீர். அது காணும்."

நான் அங்கேயே நின்று அழுதேன். அவர் தடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிந்ததும், "கொப்பி போனதுக்கு என்ன செய்வன்" என்றேன்.

"அதிலை அங்கத்தையப் பதினெட்டு வருசக் கணக்கும் கிடந்தது. எந்தத் திகதிக்கு ஆறுமணிக்குருவி அங்கை வந்தது எண்டு. இஞ்சை இறங்கிற குருவி கொஞ்ச நாளிலை அங்கை, என்ரை கடைக்குப் பின்னாலை நிக்கும் எண்டு எனக்கு ஒரு எண்ணம். ரெண்டுக்கும் இடையிலை எத்தினை நாள் எண்டு பாக்கத்தான் எழுதிக்கொண்டு வந்தனான்." வெறுங்கையை விரித்தார். "இனி ஒட்டிப் பாக்க ஒண்டும் இல்லை."

"நான் ஒரு புதுக் கொப்பி வாங்கித் தாறன். போங்கோ அண்ணை, வழமை போலை போங்கோ."

"வேண்டாம். நான் போனால் உமக்கும் வேலை வந்திடும்" என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இருக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

புதுக் கொப்பியை வாங்கி மனோகரியிடம் கொடுத்தேன். "இனி இந்தச் சனியன் வேண்டாம் அக்கா" என்று அவள் திருப்பித் தந்துவிட்டாள்.

அந்த வருஷம் வாடை கொஞ்சம் பிந்தியது. ஒக்ரோபர் தொடங்கியதும் நான் நாளுக்கு இரண்டு தரம் ஓட்டையடிக்குப் போனேன். பழைய பழக்கம் என்று என் கணவர் நினைத்திருப்பார். ஒக்ரோபர் பதினாலு விடிய, கிணற்றுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நிற்கும்போது நாச்சிமார் காட்டுக்குள் இருந்து குருவி கூப்பிட்டது. ஓட்டைக்குள் கண்ணை வைத்தேன். அரியநாயகத்தார் முற்றத்தில் வேப்பங்குச்சியோடு நின்றார். தலையை நிமிர்த்திக் கேட்டார். கை தன்பாட்டில் சாரத்தின் மடிப்பைத் தடவி, கொப்பி இருந்த கக்கத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் கீழே வந்தது. குருவி இரண்டாம் தரமும் கூப்பிட்டது. அவர் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் குசினிக்குப் போய்க் கலண்டரில் அந்தத் திகதிக்குப் பக்கத்தில் எழுதினேன். காலை ஆறு மணி ஒரு நிமிஷம். ஆறுமணிக்குருவி ஒன்று. வேலியடியில் அம்பலவாணரின் மனைவி ஒன்று. அரியநாயகத்தார் இல்லை.